குகை முக்குளிப்புக்கு முதல் செட்: எதை வாங்குவது, எப்படிக் கட்டுவது

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு குகை முக்குளிப்புக்கோ டெக்னிக்கல் முக்குளிப்புக்கோ (பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டிய முக்குளிப்பு) சாமான் சேர்ப்பவருக்கு இரண்டு சிரமங்கள் உண்டு. ஒரு ஹோஸ் வெடித்தால்கூட கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ ஓட வேண்டும். அதைவிடப் பெரிய சிரமம், இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீரில் இறங்குபவர்கள் எழுதியவை. ஃபுளோரிடாவின் ஊற்றுக் குகைகளில் தண்ணீர் 20 முதல் 22 டிகிரிதான். அங்கே பலரும் டிரைசூட் (தண்ணீர் உள்ளே புகாத உடை) போட்டு, இரட்டை ஸ்டீல் சிலிண்டர் சுமந்து இறங்குகிறார்கள். நம் கடலோ 28, 29 டிகிரி. நாம் போடுவது 3 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (ரப்பர் நுரை உடை). அவர்கள் பட்டியலை அப்படியே வாங்கிக் கட்டினால் ஒவ்வொரு சாமானும் தரமாக இருக்கும், மொத்த செட் ஆளைக் கீழே இழுக்கும்.

சாமானையெல்லாம் வாங்கி முடித்துவிட்டு வகுப்பைத் தேடுவது தலைகீழ் வேலை. முதலில் பயிற்றுநரைப் பிடியுங்கள், அவர் கற்றுத்தரும் கட்டமைப்பு எது என்று கேளுங்கள், பிறகு பணத்தை எடுங்கள். குகை விபத்துகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட காரணங்கள் ஐந்து: பயிற்சி இல்லாமல் நுழைந்தது, வெளியே வரை தொடர்ச்சியாகக் கயிறு போடாதது, காற்றில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பி வர ஒதுக்காதது, தகுதிக்கு மீறிய ஆழம், போதாத விளக்கு. பயிற்சியும் ஆழமும் கடையில் கிடைக்காது. மற்ற மூன்றையும் ஒட்டித்தான் கீழே சொல்லும் சாமான் தேர்வு.

எடைக் கணக்கு

சிலிண்டரில் அடைத்த காற்றுக்கும் எடை உண்டு. 1,000 லிட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ. 12 லிட்டர் ஸ்டீல் சிலிண்டர் இரண்டை 232 பார் (அழுத்த அலகு) வரை நிரப்பினால் காற்று மட்டுமே 6 கிலோவைத் தாண்டும். இறங்கும்போது அந்த எடை முழுவதும் உங்கள் மேல் இருக்கும். கூடவே, 30 மீட்டருக்குப் போனதும் வெட்சூட்டின் குமிழிகள் நசுங்கி, மேலே கொடுத்த மிதப்பில் பெரும்பகுதி போய்விடும். அந்த நேரம் பார்த்து விங் (முதுகில் மாட்டி, காற்று ஊதி மிதக்க உதவும் பை) கிழிந்தால் டிரைசூட்காரர் சூட்டுக்குள் காற்று விட்டுச் சமாளிப்பார். வெட்சூட்காரருக்கு இருப்பது இரண்டு கால்கள்தான். ஸ்டீலின் சொந்த எடையும் சேர்ந்துகொண்டால் எவ்வளவு உதைத்தும் மேலே வருவது கடினம்.

ஆகவே வெட்சூட்டுக்கு அலுமினிய சிலிண்டர். எல்லோரும் ‘80’ என்று சொல்லும் அளவு, 11.1 லிட்டர், 207 பார். நிறைந்திருக்கும்போது லேசாக மூழ்கும். காலியானால் கடல்நீரில் ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ அளவுக்கு மிதக்கும். மலேசியாவிலும் தாய்லாந்திலும் டைவ் சென்டர்களில் சாதாரணமாகக் கிடைப்பதும் இதுதான். அதனால் சிலிண்டரை வாங்கவே வேண்டாம், போகிற இடத்தில் வாடகைக்கு எடுங்கள். மிச்சமாகும் பணம் ரெகுலேட்டருக்கும் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) விளக்குக்கும் போகட்டும்.

எடை சரியா என்று இரண்டு முறை சோதிக்க வேண்டும். சிலிண்டரில் 30, 40 பார் மட்டும் இருக்கும்போது விங்கை முழுக்கக் காலி செய்துவிட்டு 3 மீட்டரில் அசையாமல் நில்லுங்கள். மேலே தூக்கினால் எடை போதாது. அடுத்து, சிலிண்டர் நிறைய இருக்கும்போது, பயிற்றுநர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, 10 மீட்டர் மணல் தரையில் விங்கைக் காலி செய்து ஃபின்னை மட்டும் உதைத்து மேலே வந்து பாருங்கள். முடியவில்லை என்றால் செட் கனம் அதிகம். ஸ்டீல் பேக்பிளேட் (விங்கும் பட்டைகளும் மாட்டும் முதுகுத் தகடு) சுமார் 2.7 கிலோ, அலுமினிய பிளேட் ஒரு கிலோவுக்குள். முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

விங் பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். இரட்டை அலுமினியத்துக்கு 18 கிலோ தூக்கும் விங் தாராளம். 25 கிலோவுக்கு மேல் போனால் விங் மடிந்து, உள்ளே காற்று சிக்கி, வெளியேற்றச் சிரமப்படுவீர்கள். மிதப்புக்கு இன்னொரு வழி வேண்டுமென்று இரட்டைப் பை விங் வாங்குபவர்கள் உண்டு. இரண்டாவது பையின் இன்ஃப்ளேட்டர் (பைக்குக் காற்று விடும் வால்வு) கசிந்தால் அது தானாக ஊதிக்கொண்டு ஆளை மேலே இழுக்கும், எந்தப் பை ஊதியது என்று பிடிபடவே நேரமாகும். அதை வாங்குவதைவிட செட்டின் கனத்தைக் குறைப்பது நல்ல வழி.

முதுகிலா, விலாவிலா

ஊரில் ஒட்டுக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தாலே வரும் கேள்வி, “தாய்லாந்துல அந்தப் பசங்க மாட்டிக்கிட்டாங்களே, அந்த மாதிரியா?” 2018-இல் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சிக்கியபோது, ஜூலை 2-ஆம் தேதி அவர்களை முதலில் கண்ட ரிக் ஸ்டாண்டனும் ஜான் வொலாந்தனும் பிரிட்டனின் குறுகலான குகைகளில் பழகியவர்கள். சிலிண்டரை விலாப்பக்கம் மாட்டும் சைட்மவுண்ட் முறை வளர்ந்ததே அந்த மாதிரிக் குகைகளில்தான்.

வாடகை சிலிண்டரை நம்பியிருப்பவருக்கும் சைட்மவுண்டே பொருந்தும். எந்த டைவ் சென்டரிலும் இரண்டு தனி சிலிண்டர் கிடைக்கும். மேனிஃபோல்ட் (இரண்டு சிலிண்டரையும் இணைக்கும் குழாய்) போட்ட இரட்டை செட் எல்லா இடத்திலும் கிடைக்காது. முதுகில் கட்டிய இரட்டை அலுமினியம் பிளேட், ரெகுலேட்டரோடு 40 கிலோவைத் தாண்டும். காட்டுப் பாதையில் அதைச் சுமந்து நடப்பதைவிட ஒவ்வொரு சிலிண்டராகத் தூக்கிப் போவது முதுகுக்கு நல்லது. வால்வு இரண்டும் கண்ணெதிரே இருப்பதால் கசிவும் உடனே தெரியும். ஆடும் படகிலிருந்து குதித்து ஆழ்கடலில் நேராக இறங்குபவர்களுக்கு முதுகு செட் வசதி. குவாந்தான் கடலில் 1941 டிசம்பர் 10 அன்று மூழ்கிய ரிபல்ஸ், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பல்கள் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கின்றன. அவை போரில் இறந்தவர்களின் கல்லறைகளும்கூட. அந்த ஆழம் புதியவருக்கு உரியதல்ல.

சைட்மவுண்டில் சிலிண்டர் இரண்டு இடத்தில் பிடிக்கும். மேலே, அக்குளுக்குக் கீழே வால்வைச் சுற்றி 8 முதல் 10 மில்லி பங்கிக் கயிறு (இழுபடும் ரப்பர் கயிறு). கீழே, சிலிண்டரின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பட்டை போட்டு, அதில் போல்ட் ஸ்னாப் (விரலால் இழுத்துத் திறக்கும் கொக்கி). பங்கி தொளதொளவென்று இருந்தால் வால்வு மார்பை விட்டு விலகிக் கீழே தொங்கும். இறுக்கமாக இருந்தால் மாட்டவே ஆள் வேண்டும். அலுமினியத்தில் இன்னொரு விஷயம்: நிறைந்த சிலிண்டர் உடம்போடு ஒட்டிப் படுக்கும், 100 பார் பக்கம் இறங்கியதும் அடிப்பாகம் வால் மாதிரி மேலே எழும்பும். அப்போது கீழ் ஸ்னாப்பைப் பின்னாலிருந்து கழற்றி இடுப்பின் முன் டி-ரிங்குக்கு (D வடிவ வளையம்) மாற்ற வேண்டும். இதற்காகவே முன்னாலும் டி-ரிங் வைத்துக் கட்டுங்கள். இடது, வலது என்று தனித்தனி வால்வு உள்ள சிலிண்டர் கிடைக்குமா என்று புறப்படும் முன்பே போன் செய்து கேளுங்கள்.

ரெகுலேட்டரும் ஹோஸும்

ஒரே மாடலில் இரண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (சிலிண்டரில் மாட்டும் பகுதி), இரண்டு செகண்ட் ஸ்டேஜ் (வாயில் வைக்கும் பகுதி) வாங்குங்கள், வால்வுக்குள் திருகி மாட்டும் டின் இணைப்பாக. வால்வைச் சுற்றிக் கவ்வும் யோக் இணைப்பில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வெளிப்பக்கம் இருப்பதால் பாறையில் இடித்தால் பிதுங்கிக்கொண்டு வரும். டின்னில் அது உள்ளே பூட்டிக்கொள்ளும். மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது மலேசியாவில் அதற்கு சர்வீஸ் கிட் கிடைக்கிறதா என்று மட்டும் கறாராகப் பாருங்கள். அபூர்வமான ரெகுலேட்டர் எவ்வளவு நன்றாக மூச்சு கொடுத்தாலும் உதிரி இல்லையென்றால் அலமாரியில்தான் கிடக்கும்.

வலது சிலிண்டரில் 2.1 மீட்டர் நீள ஹோஸ். காற்று தீர்ந்த கூட்டாளிக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும். குறுகலான இடத்தில் இருவரும் ஒருவர் பின் ஒருவராகத்தான் வெளியேற முடியும் என்பதால் இந்த நீளம். இடது சிலிண்டரில் 60 சென்டிமீட்டர் அளவில் குட்டை ஹோஸ், அந்த செகண்ட் ஸ்டேஜ் கழுத்தில் 5, 6 மில்லி பங்கியில் தொங்கும். கையால் தொடாமல் குனிந்து வாயால் கவ்வ முடிகிற நீளத்தில் பங்கியைக் கட்டுங்கள். விங்கின் இன்ஃப்ளேட்டர் ஹோஸ் இடது சிலிண்டரிலிருந்து. இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி பிரஷர் கேஜ், 15 சென்டிமீட்டர் ஹோஸில்.

முதுகு செட் என்றால் நீள ஹோஸும் விங் இன்ஃப்ளேட்டரும் வலது பக்க வால்வில், கழுத்து ரெகுலேட்டரும் கேஜும் இடது பக்க வால்வில். காரணம், முன்னோக்கி நீந்தும்போது தலைக்குப் பின்னால் இருக்கும் வால்வுக் குமிழ் கூரையில் உரசினால் வலது குமிழ் திறக்கும் திசையில் சுழலும், இடது குமிழ் மூடும் திசையில் சுழலும். மூச்சும் மிதப்பும் தானாக மூடிக்கொள்ளாத பக்கம் இருக்க வேண்டும். நடுவில் உள்ள ஐசொலேட்டர் (இரண்டு சிலிண்டரையும் தனியே பிரிக்கும் வால்வு) முழுக்கத் திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் திருகிப் பாருங்கள். அது மூடியிருந்தால் கேஜ் காட்டுவது ஒரு சிலிண்டரின் அழுத்தத்தை மட்டுமே. நீங்கள் மூச்சு விடுவதோ இன்னொன்றிலிருந்து.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து வரும் அழுத்தத்தைக் காட்டும் சிறிய இடைநிலை அழுத்தக் கேஜ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை, இன்ஃப்ளேட்டர் ஹோஸில் செருகலாம். முள் 9 முதல் 10 பாருக்குள் வந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் மெல்ல மெல்ல ஏறினால் உள்ளே சீட் தேய்ந்திருக்கிறது. அந்த ரெகுலேட்டர் ஆழத்தில் திடீரென்று பீய்ச்சியடிக்கலாம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வீட்டில் பாருங்கள், சர்வீஸுக்கு அனுப்ப நேரம் கிடைக்கும். உதிரி டப்பாவில் லோ பிரஷர் போர்ட்டுக்கு 011, ஹை பிரஷர் போர்ட்டுக்கு 012, டின் முனைக்கு 112 எண் ஓ-ரிங் சிலவும், ஒவ்வொரு வகை ஹோஸிலும் ஒன்றும் இருக்கட்டும்.

போல்ட் ஸ்னாப்பை ஹோஸில் கட்டுவதைக் கடையில் செய்து தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம், வீட்டு வாசலில் உட்கார்ந்து கட்டலாம். 24-ஆம் எண் பின்னல் நைலான் கயிறு, ஏறக்குறைய 2 மில்லி தடிமன், அரை மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்னாப்பின் வளையத்தை ஹோஸின் மேல் படிய வைத்து, வளையத்துக்குள் நுழைத்து ஹோஸைச் சுற்றி மூன்று சுற்று, ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்து இழுத்து இறுக்குங்கள். பிறகு ஹோஸுக்கும் வளையத்துக்கும் நடுவில் குறுக்காக இரண்டு சுற்று. அப்போதுதான் முதல் சுற்றுகள் நெரிந்து நகராமல் நிற்கும். இரட்டை முடிச்சு போட்டு, மிச்சத்தை வெட்டி, நுனியை லைட்டரில் லேசாக உருக்கி விரலை நனைத்து அமுக்குங்கள். சுடர் ஹோஸைத் தொடக்கூடாது. இரும்பு வளையம் போட்டு மாட்டினால் ஸ்னாப் துருப்பிடித்து சிக்கும்போது அறுக்க வழியில்லை. நைலான் கயிறு என்றால் கட்டர் ஒரே இழுப்பில் அறுத்துவிடும். அந்தக் கட்டரும் சின்னதாக, இடுப்புப் பட்டையில், இரண்டு கையும் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். காலில் கட்டும் பெரிய கத்தி கயிற்றில் மாட்டிக்கொள்வதற்குத்தான் உதவும்.

விளக்கும் கயிறும்

மூன்று விளக்கு. பிரதான விளக்கின் ஒளிக்கற்றை குறுகலாக, 6 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அகல ஒளி கலங்கிய நீரில் வெள்ளைத் திரையாகத் திரும்பும், கூட்டாளிக்கு சைகை காட்டவும் உதவாது. துணை விளக்கு இரண்டும் தோள் டி-ரிங்கில் மாட்டி, கீழ்நோக்கி, ரப்பர் வளையத்தில் படிந்திருக்கட்டும். வளையத்துக்கு மோட்டார் கடை அண்ணனிடம் பழைய டியூப் கேட்டாலே கொடுப்பார். 2 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டினால் ஒரு டியூபில் வருஷத்துக்கே காணும். பிரதான விளக்கு, திட்டமிட்ட நேரத்தைப்போல் ஒன்றரை மடங்காவது எரிய வேண்டும். மூன்றில் எது அணைந்தாலும் அந்த முக்குளிப்பு அங்கேயே முடிகிறது, எல்லோரும் திரும்புகிறார்கள்.

கயிறு: வெளிச்சத்திலிருந்து, குகைக்குள் ஏற்கனவே போட்டிருக்கும் நிரந்தரக் கயிறு வரை போட 120 மீட்டர் ரீல் ஒன்று, தொலைந்த கயிற்றைத் தேட 45 மீட்டர் பாதுகாப்பு ஸ்பூல் ஒன்று. கிளைப்பாதைக்கான ஸ்பூல் பிறகு போதும். அம்புக்குறி மார்க்கர் எப்போதும் பக்கத்து வெளிவாயிலைக் காட்டும். வட்ட மார்க்கருக்குத் திசை கிடையாது, உங்கள் குழு இந்தப் பக்கம் போனது என்பதற்கு மட்டும்.

ரீலைப் பழக ரப்பர் தோட்டம் அருமையான இடம். தோட்ட எழுத்தரான கிராணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முதல் மரத்தில் இரண்டு சுற்றுக் கட்டு, பக்கத்து மரத்தில் இரண்டாவது கட்டு. பிறகு ஒவ்வொரு மரத்திலும் கயிறு தளராமல் திசை மாற்றி, 60 மீட்டர் போங்கள். திரும்பும்போது கண்ணைத் துணியால் கட்டி, கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளையமாகக் கயிற்றைச் சூழ, இன்னொரு கை முகத்துக்கு முன்னால் இருக்க நடந்து வாருங்கள். கூட்டாளி தோளையோ கையையோ பிடித்து, அழுத்தும் சைகையால் பேசட்டும். கயிறு எங்கே தளர்ந்திருக்கிறது, எங்கே பாறை இடுக்கு மாதிரியான சந்துக்குள் போய்விட்டது என்பதைக் கை அப்போதுதான் கற்றுக்கொள்ளும். முடிந்ததும் கயிற்றை முழுக்கப் பிரித்துக் கழுவிச் சுற்றுங்கள். பால் ஒட்டிய கயிறு ரீலில் சிக்கும்.

காற்றைப் பிரிக்கும் கணக்கு

இரண்டு சிலிண்டரும் 200 பார். மூன்றில் ஒரு பங்கு 66. 60 என்று குறைத்துக்கொள்ளுங்கள். வலது சிலிண்டரில் தொடங்கி 170 வரை, பிறகு இடதில் 200-இலிருந்து 140 வரை, மறுபடி வலதில் 170-இலிருந்து 140 வரை. இரண்டும் 140-இல் நிற்கும்போது திரும்ப வேண்டும். இப்படி மாற்றி மாற்றிச் சுவாசிப்பது எதற்கென்று பாருங்கள். திரும்பும் புள்ளியில் ஒரு சிலிண்டர் முழுக்கப் போனாலும் மற்றதில் 140 பார், அதாவது 1,554 லிட்டர் இருக்கிறது. உள்ளே வர நீங்கள் செலவழித்தது 1,332 லிட்டர். போதும், ஆனால் பதற்றத்தில் மூச்சு இரட்டிப்பானால் போதாது. இதனால்தான் 66-ஐ 60 ஆக்குவது, புதியவர்கள் மூன்றில் ஒன்றுக்குப் பதில் ஆறில் ஒன்றோடு திரும்புவது.

டீகோ சிலிண்டர் (மேலே ஏறும்போது நின்று சுவாசிக்கும் ஆக்சிஜன் மிகுந்த வாயு) வரும் நிலைக்கு வந்துவிட்டால் லேபிள்தான் உயிர். 50 சதவீத ஆக்சிஜன் 21 மீட்டருக்கு மேலேதான், தூய ஆக்சிஜன் 6 மீட்டருக்கு மேலேதான். அந்த எண்ணை 7, 8 சென்டிமீட்டர் உயரத்தில் சிலிண்டரின் இரு பக்கமும், பக்கத்தில் வருபவர் படிக்கிற மாதிரி ஒட்டுங்கள். தவறான சிலிண்டரை ஆழத்தில் வாயில் வைத்தால் வலிப்பு முன்னறிவிப்பில்லாமல் வரும், ரெகுலேட்டர் வாயிலிருந்து விழும். நிரப்பிய கடை சொன்ன சதவீதத்தை நம்பாமல் நீங்களே அனலைசரில் பார்த்து, தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள்.

வீட்டில்

நம் ஊர் ஈரப்பதம் விங்கைப் பாழாக்கும். உள்ளே ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஊற்றி, பாதி ஊதி நிழலில் தொங்கவிடுங்கள். ஸ்னாப்பில் உப்புப் பூத்தால் வெள்ளை வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவலாம். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் நிறைந்த சிலிண்டரை விடவேண்டாம்: 20 டிகிரியில் 207 பார் இருப்பது 65 டிகிரியில் ஏறக்குறைய 240-ஐத் தொடும், பழையதாகிப் பலவீனமான பர்ஸ்ட் டிஸ்க் (அழுத்தம் மீறினால் உடைந்து காற்றை வெளியேற்றும் தகடு) போய்விடலாம். விமானத்தில் போனால் லித்தியம் பேட்டரி கைப்பையில். 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

பழக இடம் என்று பக்கத்து ஈயச் சுரங்கக் குட்டையில் இறங்க வேண்டாம். அடியில் சேறு, மூழ்கிய மரம், சரியும் மணல் கரை, கையைக்கூடப் பார்க்க முடியாத தண்ணீர். கோப்பெங் பக்கம் குவா தெம்புருங் போன்ற ஆற்றுக் குகைகளும் மழைக்கு ஏறும். செட்டைப் பழக நீச்சல்குளம், அடுத்து கிரிக் வழியாகக் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் கோல பெசுட் போய் பெர்ஹெந்தியான் தீவு. குகை வகுப்புக்கு எல்லை தாண்டி தெற்குத் தாய்லாந்து.

வகுப்புக்குப் போகும்போது ஹார்னஸின் (உடம்பில் மாட்டும் பட்டைத் தொகுதி) 5 சென்டிமீட்டர் அகலப் பட்டையை வெட்டாமல் நீளமாகவே கொண்டுபோங்கள். டி-ரிங் இடம் தண்ணீரில் இரண்டு மூன்று முறை மாறும். தோள் டி-ரிங் கைக்கு எட்டுகிறதா, முன் இடுப்பு ஸ்னாப்பைக் கண்ணை மூடியபடி மாட்ட முடிகிறதா என்று பார்த்த பிறகே, பக்கிளைத் தாண்டி 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். நுனியைச் சாய்வாக வெட்டி, லைட்டரில் உருக்கி, சூடு ஆறும் முன் தட்டையாக அழுத்திவிட்டால் பக்கிளில் சிக்காமல் நுழையும்.